சூரைச்செடியின் கீழ் ஓர் அப்பம்



பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோயுள்ள ஒருவர் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டால், "விசுவாசம் குறைந்துபோயிற்று" என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். இந்த வார்த்தை அநியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இந்நோயில் மூளையில் டோபமைனைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. மனநிலையைத் தாங்கும் செரோடோனின் முதலான வேறு இரசாயனங்களும் பாதிக்கப்படுகின்றன. ஆகையால் மனச்சோர்வும் பதற்றமும் நோயின் பகுதியே. சிலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவை தோன்றுகின்றன. மருந்தின் வீரியம் குறையும் வேளையில் சிலரைத் திடீரெனப் பயம் பற்றிக்கொள்ளுகிறது. முகத்தசைகள் இறுகுவதால் புன்னகையும் மறைகிறது; அதை நாம் கோபமென்று எண்ணிவிடுகிறோம்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்திருந்தவனைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான்.

நாமும் அப்படியே செய்வோமாக. அவர்கள் வீட்டிற்குச் சென்று உடன் அமருங்கள். தாழ்ந்த குரலில் அவர்கள் மெதுவாய்ப் பேசுவதைப் பொறுமையோடு கேளுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் கை நடுக்கத்தோடு மனத்தின் பாரத்தையும் சொல்லும்படி துணை செல்லுங்கள். மருந்தும் மனநல ஆலோசனையும் உடற்பயிற்சியும் அப்பாரத்தைத் தணிக்கக்கூடும். சாவைக் குறித்து அவர்கள் பேசினால், அன்றைக்கே மருத்துவ உதவியை நாடுங்கள்.

அவர்களுக்காக ஜெபியுங்கள், மாத்திரை வேளையையும் நினைப்பூட்டுங்கள். இரண்டும் அன்பின் ஊழியமே.

கர்த்தர் நமக்கு இளகிய இருதயத்தைத் தருவாராக. ஆமென்.