சிற்றெண் கட்டங்களும் கை-வர்க்கச் சோதனையும்: காவிரிப் படுகைக் கல்வெட்டாய்வை முன்வைத்து

சோழர் காலக் கல்வெட்டாய்வில் எண்ணிக்கை முறை புதிதன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரு காவிரிக்கரை ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு நொபொரு கராஷிமா 1966இல் கட்டுரை வெளியிட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியாரிடமும், பிரமதேயமல்லாத அல்லூரில் ஊராரின் பொது உரிமையிலும் இருந்தமை அவர் சுட்டிய வேறுபாடாகும். அவரும் எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு இம்முறைக்கு விரிந்த தளம் அமைத்தது.

இவ்வழிச் செல்லும் ஆய்வாளர் கல்வெட்டுகளை ஊர்வகை, நிலவுரிமை, காலம் எனப் பகுக்கப் பகுக்க, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சுவன சிலவே. கார்ல் பியர்சன் 1900இல் வகுத்த கை-வர்க்கச் சோதனை பெரிய எண்ணிக்கைகளுக்கே நன்கு பொருந்தும் தோராயம். கட்டந்தோறும் ஐந்தேனும் வேண்டும் என்னும் வழக்கு விதி, கண்டறிந்த எண்ணிக்கையை அன்று, எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையையே குறிக்கும். இவ்வேறுபாடு பலகால் மறக்கப்படுகிறது.

விளக்கத்திற்காகக் கற்பனை அட்டவணை ஒன்றைக் கொள்ளலாம். பிரமதேயக் கல்வெட்டுகள் 8. அவற்றுள் தனியுரிமை கூறுவன 5. பிற ஊர்க் கல்வெட்டுகள் 12. அவற்றுள் தனியுரிமை கூறுவன 2. கை-வர்க்க மதிப்பு 4.43, நிகழ்தகவு 0.035. வேறுபாடு உறுதியென ஆய்வேடு எழுதிவிடும். ஆனால் இரு கட்டங்களின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 2.8, 4.2 மட்டுமே.

இருபது கல்வெட்டுகளையும் இருபது சீட்டுகளாக்கி, ஊர்வகைப் பெயர்களை மட்டும் கலைத்துக் கலைத்து வழங்கி, ஒவ்வொரு முறையும் கை-வர்க்க மதிப்பைக் கணக்கிடுவதே போலச்செய்தல் முறை. கணினி இதனைப் பல்லாயிரம் முறை நொடியில் செய்யும். மேற்கண்ட சிறு அட்டவணைக்கு விடையை எண்ணியே சரிபார்க்கலாம்: 77,520 வழிகளில் 4,832 வழிகள் அதே அளவோ மிகுதியாகவோ வேறுபடுகின்றன. நிகழ்தகவு 0.062. வழக்கமான 0.05 எல்லையில் முடிவு மாறிவிடுகிறது. வேறுபாடு இல்லை என்பது இதன் பொருளன்று. இவ்வளவு சான்று போதாது என்பதே பொருள்.

விதியை நிறைவு செய்யக் கட்டங்களை இணைப்பது தீர்வாகாது. பிரமதேயத்தையும் தேவதானத்தையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் கேட்க வந்த வினாவே மறைந்துவிடும். போலச்செய்தல் வகைப்பாட்டைக் காத்துக்கொண்டே சோதிக்க இடந்தருகிறது.

எனினும் அதற்கும் எல்லை உண்டு. ஒரே கோயிற் சுவரில் வெட்டப்பட்ட பல கல்வெட்டுகள் ஒன்றையொன்று சாராதன அல்ல. அங்குக் கல்வெட்டை அன்று, கோயிலையே அலகாகக் கொண்டு கலைத்தல் வேண்டும்.

ஆதலின், கல்வெட்டுப் புள்ளியியலைச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகள் மூல எண்ணிக்கை, எதிர்பார்ப்பு எண்ணிக்கை, கலைத்த அலகு, கலைத்த முறைகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் அளித்தல் வேண்டும். பாடவேறுபாடு காட்டாத பதிப்பை ஏற்கத் தயங்கும் தமிழாய்வுலகம், கட்டங்களைக் காட்டாத நிகழ்தகவையும் ஏற்கத் தயங்குதல் முறையாகும்.