பாலாற்றைக் காக்கும் கூட்டில் உழவனுக்கு இடமுண்டா?

பாலாறு என்பதைப் பால் போலும் ஆறு என விரித்து, உவமைத்தொகைக்கு எடுத்துக்காட்டுத் தருவது எம் வழக்கம். அண்மையில் அவ்வாறு விரித்தபொழுது, "ஐயா, அவ்வாற்றில் நீர் எப்பொழுது வரும்?" என்று மாணவன் ஒருவன் வினவினான். அவன் பாட்டனார் ஆம்பூரை அடுத்த சிற்றூரில் கிணற்றுப் பாய்ச்சலில் நெல் விளைவித்தவர். அவன் தாயோ காலணித் தொழிற்சாலையில் உழைத்து அவனைப் படிக்க வைக்கின்றார். கிணற்றைக் கெடுத்ததும் தோல். குடும்பத்தைக் காப்பதும் தோல். இவ்விரண்டையும் ஒருசேர எண்ணாத எப்பேச்சும் இம்மண்ணுக்குப் பயன்படாது என்க.

முன்னாளில் நம்மவர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டனர். 1970களில் தில்லியரசு அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையே அனுப்பத் தூண்டிற்று. அயற்செலாவணி பெருகிற்று, குரோமியப் பதனீடும் உடன் பெருகிற்று. காலணி கடல் கடந்தது. கழிவு பாலாற்று மணலில் தங்கிற்று. ஒரு கிலோ தோலுக்கு 35 இலிட்டர் நீர் செலவாகின்றது என்றும், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ்பட்டது என்றும் கூறுவது யாமல்லேம். வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகத்து 28ஆம் நாள் இந்திய உச்ச நயன்மை மன்றம் வழங்கிய தீர்ப்பு.

தனித்தனியே இயலாததைக் கூடிச் செய்வோம் எனப் பதனிடுவோர் முன்வந்தனர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில், அரசின் பொருளுதவியோடு பொதுத் துப்புரவு நிலையங்கள் எழுந்தன. இக்கூட்டு முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் அதன்கண் குறைகள் இரண்டு உள.

ஒன்று, முறைபற்றியது. தோல் கெடாதிருக்க இடும் உப்பு, ஊறவைக்கும் நீரில் கரைந்துவிடும். கரைந்த உப்பைப் பொதுவான துப்புரவு நீக்காது. ஆகலின், நீரைச் சவ்வூடு வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி வற்றச் செய்கின்றனர். அதற்கு மின்னும் எரிபொருளும் மிகுதியாக வேண்டும். ஆற்றைக் காக்கப் புகுந்து வளியைக் கெடுக்கின்றோம். முடிவில் கலப்புப்பும் சேறும் குவிகின்றன. 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் அத்தகைய சேற்றுத்தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கிடந்த தொழிலாளர் உள்ளிட்ட 10 பேர் மாண்டதை மறத்தல் ஆகுமோ?

மருந்து கழிவின் வாயிலில் இல்லை. தொழிலின் வாயிலில் உள்ளது. ஊறவைக்கும் முன்னரே உப்பை உதறி எடுத்தல் எளிய செயல். 1948இல் தோன்றி அடையாற்றில் இயங்கும் நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம், பதனிடும் நிலையில் நீரே சேர்க்காத குரோமியப் பதனீட்டு முறையைக் கண்டளித்துள்ளது. ஆண்டின் பெரும்பகுதி காயும் வேலூர் வெயில், மின்னாக்கவும் நீர் வற்றச் செய்யவும் காத்துக் கிடக்கின்றது. அறிவும் உண்டு, வெயிலும் உண்டு. சிறு பதனிடுவோர்க்கு அவற்றை எட்டச் செய்யும் ஏற்பாடே வேண்டும்.

மற்றொன்று, உரிமைபற்றியது. கூட்டில் முதலாளி உளர், அலுவலர் உளர், கிணறு இழந்த உழவரும், தொட்டியில் இறங்கும் தொழிலாளியும் எங்கே? 2001இல் 29,000க்கு மேற்பட்டோர் இழப்பீட்டுக்குரியர் எனக் கணிக்கப்பட்டனர். அதன்பின்னும் 2025 சனவரி 30ஆம் நாள், எஞ்சிய இழப்பீட்டைக் கொடுக்கவும் ஆற்றை மீட்கக் குழு அமைக்கவும் அம்மன்றமே மீண்டும் ஆணையிட நேர்ந்தது. துன்புற்றோர்க்கு இருக்கை இல்லாத அவையில் அவர் துன்பம் எங்ஙனம் விரைந்து தீரும்?

செலவு மிகுந்தால் தொழில் வேற்றுநாடு போகும் என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. ஆகையால்தான் செலவைச் சிறு பதனிடுவோர் தலையில் மட்டும் சுமத்தலாகாது என்கின்றோம். நம் தோலால் காலணி விற்றுப் பெரும்பொருள் ஈட்டும் அயல்நாட்டு வணிகரும் தம் பங்கைச் செலுத்துக!

கூடிச் செய்தல் நமக்குப் புதிதன்று. பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, ஆண்டுதோறும் ஊர்கூடித் தூரெடுத்த மரபினர் நாம். இற்றைநாளிலும் வேலூர்ப் பக்கம் நாகநதிப் படுகையில் ஆயிரக்கணக்கான பெண்கள் தடுப்பணையும் நீர்செறி கிணறும் அமைத்து நிலத்தடி நீரை மீட்டனர். 2019இல் வேலூர் மூன்று மாவட்டமாகப் பிரிந்தது, ஆறு பிரியவில்லை. எனவே வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும் பொதுவாக ஓர் ஆற்றவை அமைக. அதில் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் வாக்குரிமையோடு இடம் தருக. நீராய்வுக் கணக்கைத் திங்கள்தோறும் தமிழில் ஊர்மன்றங்களில் ஒட்டுக.

எம் மாணவன் வினாவிற்கு அன்று யாம் விடையிறுக்கவில்லை. விடையிறுக்க வேண்டியோர் ஓரவையில் அமரும்வரை, உவமைத்தொகைக்கு வேறு எடுத்துக்காட்டே தேட வேண்டும் போலும்!