போஸ்ட்டைக் குறைக்கச் சொல்ல முன்னம்



வயல் பக்கத்துக்குக் கரண்ட் எடுக்கிற கதை திரும்பவும் சூடு பிடித்திருக்கிறது. எஸ்டிமேட்டில் பெரிய பங்கு போஸ்ட்டுக்கே போகிறது. "50 மீற்றருக்கு ஒன்று எதற்கு, 100 மீற்றருக்கு ஒன்று நட்டால் போதாதா?" என்று காக்காமார் சிலர் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் அதே லைனில் போஸ்ட்டை மட்டும் குறைப்பது ஆபத்து.

ஒரே இழுவையில் கட்டிய கம்பிக்கு இடைவெளி இரண்டு மடங்கானால் தொய்வு நான்கு மடங்காகும். 50 மீற்றரில் அரை மீற்றர் தொய்வது 100 மீற்றரில் 2 மீற்றர், 200 மீற்றரில் 8 மீற்றர். கீழே வெட்டு மெஷின் போகிற இடம் அது. இன்னும் இறுக்கினால் அலுமினியம் தாங்காது.

நியூசிலாந்தில் லொயிட் மண்டேனோ என்ற பொறியியலாளர் 1920களிலேயே வேறு வழி பிடித்தார். உயர் அழுத்தத்தில் ஒரே ஒரு கம்பி. மின்சாரம் திரும்புவது நிலத்தினூடாக. 20 கிலோவொட்டை 230 வோல்ட்டில் கொண்டுபோக 87 அம்பியர் வேண்டும். 19,100 வோல்ட்டில் 1 அம்பியர் சொச்சம்தான் (ஓ.எல். பிள்ளைகள் வகுத்துப் பாருங்கள்). அதற்கு மெல்லிய உருக்குக் கம்பி போதும். உருக்கை நன்றாக இழுத்துக் கட்டலாம், போஸ்ட்டையும் தள்ளித் தள்ளி நடலாம். அவுஸ்திரேலியக் கிராமங்களில் இப்படி சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இழுத்துக் கட்டிய நீண்ட கம்பி காற்றில் ஓயாமல் அதிரும், நாளடைவில் பிடிமானத்தில் களைத்து அறும். 2009 பெப்ரவரி 7இல் விக்டோரியாவின் கில்மோர் ஈஸ்ட்டில், ஒரு கிலோமீற்றருக்கு மேல் இடைவெளியில் தொங்கிய பழைய கம்பி அறுந்து மூட்டிய காட்டுத்தீயில் 119 பேர் இறந்தார்கள். 300 மீற்றருக்கு மேற்பட்ட இடைவெளிகளுக்கெல்லாம் அதிர்வுதாங்கி பூட்டும்படி விசாரணை ஆணைக்குழு சொன்னது. பூட்டுவது சின்னச் சாமான்தான்.

ஒற்றைக் கம்பிதான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. எர்த் பிடிப்பது மண்ணைப் பொறுத்தது. இரண்டு கம்பியில் வந்தாலும் கணக்கு இதேதான். நாம் கேட்க வேண்டியது, உயர் அழுத்த லைன் வயல் வரை வந்து அங்கே சின்ன ட்ரான்ஸ்போமர் வைப்பதை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். வருகிற பொறியியலாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: கடும் வெயிலில் நடுக்கம்பி தரையிலிருந்து எத்தனை அடி? அதிர்வுதாங்கி எஸ்டிமேட்டில் இருக்கிறதா? வருடா வருடம் லைனைப் பார்ப்பது யார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.