சமையலறையில் சலிக்கும் காரீயம்

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறைகளைச் சுத்தம் செய்வது பற்றி அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர் ஒருவர் எழுதிய வழிகாட்டியைப் படித்தேன். உறைகளைச் சமையலறை மேசையிலேயே சலிக்கலாம், எழும் தூசி வெறும் கரிதான் என்கிறார். அம்மோனியா கலந்த பாலிஷை இரண்டு மூடி ஊற்றினால் பித்தளை தங்கமாக மின்னுமாம். மின்னினால் சுத்தம், மின்னாவிட்டால் அழுக்கு. காரீயம், விஷம் என்பதெல்லாம் துப்பாக்கியை ஒழிக்க நினைப்பவர்கள் கிளப்பிய பீதி என்று முத்தாய்ப்பு வேறு. அவர் பெயர் இங்கே தேவையில்லை. இதே பேச்சை அந்நாட்டுச் சுடுகளங்களில் பலர் வாயிலும் கேட்கலாம். ஒவ்வொன்றும் பிழை. முதலாவது பிழை குழந்தைகளின் மேல் விழுகிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். தோட்டா வெடித்ததும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும். பித்தளை உறை மட்டும் கைக்குத் திரும்பும். அதை அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமரும், மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துவதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் பல வீடுகளின் கார் ஷெட்டிலும் நிலவறையிலும் நடக்கும் வேலை இது. உறைகளைச் சுத்தம் செய்ய, அதிரும் தொட்டி ஒன்றில் பொடித்த வால்நட் ஓட்டையோ மக்காச்சோளச் சக்கையையோ நிரப்பி, உறைகளை அதில் கொட்டிச் சில மணி நேரம் ஓடவிடுவார்கள். பிறகு சல்லடையில் கொட்டிப் பொடியைப் பிரிப்பார்கள். சமையலறையில் செய்யச் சொல்வது இந்தச் சலிப்பைத்தான்.

அந்தப் பொடியில் இருப்பது கரி மட்டும்தானா? உறையின் அடியில் உள்ள பிரைமரில் பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற காரீயச் சேர்மம் இருக்கிறது. கூடவே பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு. பிரைமர் வெடிக்கும்போது இவற்றின் எச்சம் உறையின் உட்சுவரில் படிகிறது. வால்நட் பொடி அதைச் சுரண்டி எடுத்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறது. உறை சுத்தமாக ஆக, பொடி விஷமாகிக்கொண்டே போகிறது. பல தடவை ஓடிய பழைய பொடியைச் சலித்தால் எழும் புகை போன்ற தூசியில் காரீயம் கலந்தே இருக்கும். தன் குண்டுகளுக்குச் செம்புக் கவசம் இருப்பதால் காரீயம் வெளியே வராது என்கிறார் அவர். குண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பிரைமரை மறந்துவிட்டார். காரீயம் கனமான உலோகம், காற்றில் பறக்காது என்பது அவருடைய அடுத்த வாதம். மைக்ரான் கணக்கில் அளக்கப்படும் துகளுக்கு இந்தக் கனம் பெரிய தடையில்லை. நெடுநேரம் மிதந்துவிட்டுத்தான் தரையில் இறங்கும். பிறகு துணியில், விரிப்பில், தவழும் குழந்தையின் உள்ளங்கையில் ஒட்டும்.

30 வருடமாகச் செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வரிதான் அவர் கட்டுரையிலேயே பொறுப்பற்றது. இரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பரிசோதித்துப் பார்த்தாரா என்று ஒரு வார்த்தை இல்லை. பெரியவர்களுக்கு இது இரத்த அழுத்தமாக, சிறுநீரகக் கோளாறாக, சோர்வாக மெதுவாக வரும். வந்தாலும் வயதின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கோ மூளை வளர்ச்சியிலேயே கை வைக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரியதென்று குறிக்கும் அளவு 1960களில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமாக இருந்தது. 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5 என்று அது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்பதும் அந்த மையத்தின் நிலைப்பாடு. இவர் பேசுவது பழைய காலத்துத் தைரியம்.

துப்பாக்கி எதிர்ப்பாளர்களின் சதி என்ற பேச்சுக்கு வருவோம். 2012 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. கேட்டு வாங்கியது அந்நாட்டு ராணுவத் துறை. ராணுவச் சுடுகளங்களில் வேலை செய்பவர்களைக் காரீயத்திலிருந்து காக்க 1978-இல் வகுத்த தொழிலிடப் பாதுகாப்பு வரம்பு போதவே போதாது என்பது அதன் முடிவு. துப்பாக்கியை ஒழிக்கவா ராணுவம் இந்த ஆய்வைக் கேட்டது? தோட்டாப் பெட்டிகளிலேயே காரீய எச்சரிக்கையும் கைகழுவச் சொல்லும் வரியும் அச்சாகி வருகின்றன. தோட்டா விற்பவனே ஒத்துக்கொள்வதை, தோட்டாவை நேசிப்பதாகச் சொல்பவர் மறுக்கிறார்.

அம்மோனியாவின் கதை இன்னும் பழையது. அது நம் நாட்டு மண்ணில் நடந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்துவைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் விரிசல் விட்டிருந்தன. குண்டைப் பிடித்து இறுக்கிய இடத்தில்தான் விரிசல் அதிகம். நெடுநாள் காரணம் புரியாமல் கிடந்த இந்தச் சிக்கலை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், குளிர்நிலையில் இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து உலோகத்தைப் பிளந்திருக்கின்றன. ஒவ்வொரு முறை சுட்டு, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும்போதும் உறையின் கழுத்து மேலும் இறுகுகிறது. அப்படிப்பட்ட உலோகத்தின் மேல்தான் இவர் அம்மோனியாவை ஊற்றச் சொல்கிறார்.

இதில் பொறுத்துக்கொள்ள முடியாத முரண் ஒன்று உண்டு. துப்பாக்கிக் குழலுக்குள் ஒட்டிய செம்பைக் கரைக்க அம்மோனியா கலந்த திரவத்தைத் தானே பயன்படுத்துவதாக அதே கட்டுரையில் எழுதுகிறார். எஃகுக்கு ஒன்றும் ஆவதில்லை, பித்தளைக்கு மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார். தோட்டாப் பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். குழலில் செம்பைத் தின்பதற்காகவே ஊற்றுகிற திரவம் உறையில் எதைத் தின்னும்? அம்மோனியா ஆவியாகிப் போய்விடும் என்பது சமாதானமாகாது. போவதற்குள் எத்தனை உறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கியது என்று அவரால் சொல்ல முடியாது. கழுத்தில் பிளந்தால் பெரும்பாலும் அந்த உறை வீணாவதோடு போகும். ஆனால் .308 வின்செஸ்டர் தோட்டாவின் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, வளிமண்டல அழுத்தத்தைப்போல 4,000 மடங்குக்கு மேல். அடிப்பக்கம் பிளந்தால் அந்த வாயு வந்து சேரும் இடம் சுடுபவரின் முகம். அம்மோனியா இல்லாத பாலிஷ் கடையில் கிடைக்கிறது, லேபிளைப் படித்தால் போதும்.

மின்னினால் சுத்தம் என்ற அளவுகோலை ராணுவத் தோட்டாவே பொய்யாக்குகிறது. கழுத்தின் இறுக்கத்தைத் தளர்த்தச் சூடாக்கும்போது அங்கே நீலமும் பழுப்புமாக ஒரு கறை விழும். ராணுவத்துக்கான உறைகளில் அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டுவைக்கிறார்கள். முறையாகச் சூடாக்கியிருக்கிறது என்பதற்கு அந்தக் கறையே சாட்சி. மண்ணும் கரியும் அச்சைக் கீறக்கூடாது, விரிசல் இருந்தால் கண்ணில் படவேண்டும், உறை துப்பாக்கியின் வெடியறைக்குள் சிக்காமல் நுழையவேண்டும். சுத்தம் செய்வது இதற்காகத்தான். அதற்குமேல் வரும் பளபளப்பு ஆசைக்கு.

உறைகளை இரவு முழுக்க வினிகரில் ஊறப்போடும் அவருடைய யோசனையும் இந்தப் பளபளப்பு மோகத்தில் பிறந்ததுதான். நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் கையோடு கழுவிவிடுவார்கள், ஊறவிட மாட்டார்கள். அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து, உறை இளஞ்சிவப்பாகிவிடும். அந்த நிறத்தைச் சுத்தத்தின் அடையாளம் என்று இவர் காட்டுகிறார்.

ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. தண்ணீரும் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளும் போட்டு உருட்டும் முறையில் நேரம் அதிகமானால் உறையின் வாய் அடிபட்டு மழுங்கும். நேரத்தைக் குறைத்தால் தீர்ந்தது. அதற்காக அந்த முறையையே ஒதுக்கச் சொல்வது தவறு, ஏனென்றால் தூசி எழாமல் வேலை முடிவது அதில்தான். பழைய பிரைமரை முதலில் தட்டி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து உருட்டி, நன்றாக அலசிக் காயவைத்தால் போதும். காயவைக்க ரொட்டி சுடும் அடுப்பைத் தொடக்கூடாது. அளவுக்கு மீறிச் சூடானால் கெட்டியாக இருக்கவேண்டிய அடிப்பகுதி இளகிவிடும், அடுப்பிலும் எச்சம் தங்கும்.

கழுவிய தண்ணீரிலும் காரீயம் இருக்கிறது. அதைச் சமையலறைத் தொட்டியிலும் கீரைப் பாத்தியிலும் கொட்டாமல் தனியாகச் சேர்த்து, ஊரின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுக்கவேண்டும். உலர்முறைதான் வேண்டும் என்பவர்கள் சலிப்பை வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்யட்டும். அந்த உடுப்பைத் தனியாகத் துவைக்கட்டும். அவர் தன் வழிகாட்டியில் சமையலறை மேசை பற்றிய பகுதியையும் அம்மோனியா பற்றிய பகுதியையும் நீக்கவேண்டும். அதைப் படித்துவிட்டு ஏற்கெனவே வீட்டுக்குள் சலித்துக்கொண்டிருப்பவர்களிடம், பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள் என்று அவரே எழுதவேண்டும்.