பில் வந்ததனால் கடன் வருமா?

மலையகத் தமிழருக்குக் கடதாசிக் கடன் புதிதன்று. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லும் தொழிலாளி எவ்வளவு கடன்பட்டவன் என்பதை ஒரு காலத்தில் 'துண்டு' தீர்மானித்தது. எழுதியவர் வேறு, சுமந்தவர் வேறு. தம்மால் வாசிக்க முடியாத அந்தக் கடனோடு இம்மக்களின் மூதாதையர் தோட்டம் தோட்டமாகக் கைமாறினர். 1921 ஆம் ஆண்டின் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆயினும் அச்சடித்த தாளில் தொகை எழுதியிருந்தால் கொடுத்தே தீரவேண்டும் என்ற அச்சம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அந்த அச்சத்தையே முதலாக வைத்துப் போலிப் பில் அனுப்புவோர் பிழைக்கின்றனர்.

அவர்களது முறை எளியது. அட்டனில் உரமும் கிருமிநாசினியும் விற்கும் கடைக்காரருக்கோ, நுவரெலியாவில் மரக்கறி ஏற்றும் வியாபாரிக்கோ, வழக்கமாகச் சரக்கு அனுப்பும் கொழும்புக் கம்பெனியின் பெயரும் முத்திரையும் தாங்கிய பில் ஒன்று கைப்பேசியில் வந்து சேரும். சரக்கின் விபரம் சரி, தொகையும் சரி. வங்கிக் கணக்கிலக்கம் மட்டும் புதியது. இன்று மாலைக்குள் செலுத்தாவிடில் அடுத்த லொறி வராது என்று கீழே ஒரு வரி!

நாம் சிறியவர்கள், அதனால் ஏமாறினோம் என்று எவரும் நாணவேண்டியதில்லை. லித்துவேனியரான எவால்டாஸ் ரிமாசௌஸ்காஸ் என்பவர், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லத்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, 2013 முதல் 2015 வரை போலிப் பில்களை அனுப்பி, கூகுள், பேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்து 12 கோடி டொலருக்கும் அதிகமாகக் கறந்தார். 2019 இல் நியூயோர்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. பெயர் ஒன்றாயிருந்ததால் ஆளும் ஒன்றே என அந்த மாபெரும் நிறுவனங்களே நம்பிவிட்டன.

சட்டத்தின் நிலையைத் தெளிவாகக் கூறுவோம். பில் என்பது பணம் கேட்பவனின் கோரிக்கை மட்டுமே. கடனைப் பிறப்பிப்பது உடன்படிக்கையும், அதன்படி கிடைத்த சரக்குமே ஆகும். கேளாத பொருளுக்கு வந்த பில் ஆயிரம் முத்திரை தாங்கினாலும் எவரையும் கடனாளியாக்காது. இதன் மறுபக்கம் கசப்பானது. மோசடிக்காரனின் கணக்கிற் செலுத்திய பணம், உண்மையான விற்பனையாளரின் கடனைப் பொதுவாகத் தீர்ப்பதில்லை. ஒரே சரக்குக்கு இருமுறை பணம் கொடுக்க நேரும்.

ஆகவே, கணக்கிலக்கம் மாறியதாக அறிவித்தல் வந்தால், பில்லில் அச்சிட்ட எண்ணுக்கல்ல, உங்கள் பழைய குறிப்பேட்டிலுள்ள எண்ணுக்கே பேசுங்கள். கட்டளைச் சீட்டையும் சரக்குப் பெற்ற சீட்டையும் பில்லோடு வைத்துப் பாராமல் ஒரு சதமும் கொடாதீர்கள். பெறுமதி சேர் வரி கேட்டிருந்தால் பதிவிலக்கத்தை இறைவரித் திணைக்களத்திடம் விசாரியுங்கள். பதிவில்லாதவருக்கு அவ்வரியை அறவிடும் உரிமை கிடையாது. அவசரப்படுத்துகிறவனைக் காத்திருக்க வையுங்கள். உண்மையான கம்பெனி ஒரு நாள் பொறுக்கும்.

பணம் போய்விட்டதென்றால் அந்நேரமே வங்கிக்கு அறிவித்து, பின் பொலிசுக்குச் செல்லவேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் வஞ்சனைப் பிரிவுகளும், 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டமும் இருக்கின்றன. இங்கேதான் பழைய துண்டு மீண்டும் தலைநீட்டுகிறது. தமக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்ட முறைப்பாட்டின் அடியில் ஒப்பமிட்டு வீடு திரும்பும் தமிழர் எத்தனை பேர்! 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம், அரசாங்க அலுவலரோடு தமிழிலேயே கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பில் எழுதி வைத்துள்ளது. முறைப்பாட்டில் ஒரு கணக்கிலக்கம் பிழைத்தாலும் வழக்கு பிழைத்துவிடும். அட்டன், நுவரெலியா வர்த்தகர்களும் விவசாயச் சங்கங்களும் தத்தம் பிரதேசப் பொலிஸ் நிலையங்களில் தமிழில் முறைப்பாடு எழுத எந்நேரமும் ஒருவர் இருக்கவேண்டுமென எழுத்து மூலம் கோரட்டும். பதிலையும் தமிழிலேயே கேட்கட்டும்.