பாலைக் கிரகத்து வேதமும் நம்மூர்க் கண்ணகையும்

பிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலை வாசித்தவர்களில் அநேகர் கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். படம் பார்த்தவர்களைச் சொல்லவே வேண்டாம். 1965 இல் வெளிவந்த அந்த நாவலின் சுவையான பகுதி ஒன்று பின்னிணைப்பில் கிடக்கிறது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால், மனிதர் கிரகம் கிரகமாகப் பரவிவிட்ட காலத்தில், அவர்கள் காவிக்கொண்டு போன மதங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லும் பகுதி அது.

எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. சென் பௌத்தமும் சுன்னி இஸ்லாமும் கலந்து ‘சென்சுன்னி’ ஆகிவிட்டது. ‘புத்திஸ்லாம்’ என்றொரு வகை லங்கிவெய்ல் என்ற கிரகத்தில் தழைக்கிறது. வேத நூல்களின் வரிசையில் லங்காவதாரமும் வருகிறது. இது ஹெர்பர்ட்டின் கைச்சரக்கு இல்லை. இராவணனின் இலங்கைக்குப் போய்ப் புத்தர் உபதேசித்ததாகத் தொடங்கும், உண்மையிலேயே இருக்கிற மகாயான சூத்திரம். இந்துக்கள் மட்டும் ஒதுக்குப்புறமான சிறு கூட்டங்களாக அங்கங்கே எஞ்சியிருக்கிறார்களாம். தொழிற்பேட்டைக் கட்டடத்துக்குள் பிள்ளையாரை வைத்துப் பூசை நடத்தும் நம் புலம்பெயர்ந்த சனத்தை நினைத்தால், இதுவும் பெரிய கற்பனை இல்லை.

இலங்கையிலேயே வாழ்ந்து மறைந்த ஆர்தர் சி. கிளார்க் எதிர்ப்பக்கம் போனவர். அவருடைய 1979 ஆம் ஆண்டு நாவலில் வேற்றுலகக் கலம் ஒன்று வந்து நம் மதங்களின் கதையையே முடித்து வைக்கிறது. சிவனின் பாதம், புத்தரின் பாதம், ஆதாமின் பாதம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டு ஒரே படிக்கட்டில் சனம் ஏறும் மலை இருக்கும் நாட்டில் இருந்துகொண்டு அப்படி எழுதினார். விசயம் விளங்கியவர் ஹெர்பர்ட்தான்.

அவர் கதையில் மதங்களைக் கலக்க ஒரு குழு கூடுகிறது. பழைய பூமியில் ஒரு பொதுத் தீவு. பத்து இலட்சத்துக்கு மேல் அடியார்களைக் கொண்ட ஒவ்வொரு மதத்துக்கும் அங்கே இடம். எங்களிடம் மட்டுந்தான் உண்மை இருக்கிறது என்று யாரும் இனிச் சண்டைக்கு வரக்கூடாது என்பது நோக்கம். ‘ஆரஞ்சுக் கத்தோலிக்க வேதம்’ என்ற பொது நூலைத் தொகுத்தும் விடுகிறார்கள். நன்றி சொல்லவா சனம் வந்தது? கலவரம் வெடித்தது. குழுவிலிருந்த சிலரை அடித்தே கொன்றார்கள். பலர் சொன்னதை வாபஸ் வாங்கினார்கள்.

இன்னொரு கலப்பும் நாவலில் உண்டு, கொஞ்சம் விஷமமானது. பெனி ஜெசரிட் என்ற பெண்கள் சங்கம் பின்தங்கிய கிரகங்களில் முன்கூட்டியே ஐதீகங்களை விதைத்து வைக்கும், பிறகொரு நாள் தங்கள் ஆட்கள் அங்கே போய்ச் சேர்ந்தால் அந்த நம்பிக்கையே கைகொடுக்கட்டும் என்று. ஆனால் பாலைவனத்துப் பிரெமன் சனத்தின் மதம் அடிப்படையில் இப்படி வந்ததில்லை. துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு கிரகம் மாறி ஓடிய சென்சுன்னி அகதிகள் வழியில் சேர்த்துக்கொண்டது அது.

குழு கூடித் தொகுப்பது, அதிகாரம் விதைப்பது, அகதிகள் வழியில் சேர்ப்பது என்ற மூன்றையும் யாழ்ப்பாணம் கண்டிருக்கிறது. 1619 இல் ஆட்சியைப் பிடித்த பறங்கியர் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். அந்தக் காலத்தில் விரதச் சோறு சாப்பிட்ட வாழையிலையைக் கூரையில் செருகி ஒளித்தார்கள் என்று இன்றைக்கும் ஊரில் சொல்லுவார்கள். பின்னால் வந்த ஒல்லாந்தரிடம் ஞானஸ்நானம் பெறாதவருக்கு உத்தியோகம் கிடையாது. ஆகவே பதிவேட்டில் புரட்டஸ்தாந்து, அடுப்படியில் சைவம். ஹெர்பர்ட் தமது கடைசி டியூன் நாவலில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஒளிந்து வாழும் யூதர்களைக் காட்டுவார். எனக்கு அந்த இடத்தில் கூரையிலைதான் ஞாபகம் வந்தது.

அதே ஒல்லாந்தருக்குப் பயந்து 1670 இல் மாந்தைக் கத்தோலிக்கர் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அப்படிப் பிறந்தது மடு. 2008 இல் அந்தச் சொரூபம் இன்னொரு தரம் இடம்பெயர்ந்தது, இந்த முறை தேவன்பிட்டிக்கு. மடு மண் பாம்புக் கடிக்கு நல்லது என்பது சனத்தின் நம்பிக்கை. என் அம்மம்மாவின் சாமித்தட்டில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பழைய பால்மா டின் ஒன்றில் அந்த மண் இருக்கும். டின்னுக்கு மேல் நயினாதீவு நாகபூசணி அம்மன் படம். “அம்மம்மா, இது வேதக்காரற்றை மண்ணெல்லே?” என்று கேட்டால், “பாம்புக்குத் தெரியுமே மோனை, நான் சைவமோ வேதமோ எண்டு” என்பார். குழு கூட்டி எழுதிய வேதத்தில் இத்தனை சுருக்கமான இறையியல் இருந்திருக்காது.

ஆறுமுக நாவலரைத் தொடாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. கலப்பை வெறுத்தவர் என்று பேர். ஆனால் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கியவர் அவர். 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய பிரசங்கம், சைவ வினாவிடை, அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், எல்லாமே மிஷன்காரரின் கருவிகள். உள்ளே இருந்தது சைவம். நம் நாட்டின் மிகத் திறமான கலப்பு நாவலர் செய்ததுதான் என்பேன். சண்டைக்கு வருபவர்கள் வரட்டும்.

அவரில் எனக்குள்ள கோபம் கண்ணகை விசயத்தில். சமணச் சார்புள்ள வணிகப் பெண்ணொருத்தியைச் சைவர் கும்பிடுவதா என்று அவர் எதிர்த்தார். அந்தக் காற்றில் யாழ்ப்பாணத்துக் கண்ணகை கோயில்கள் பல இராசராசேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் மாறிப்போயின. சோழநாட்டு மனுசி, பாண்டிநாட்டில் நியாயம் கேட்டு, சேரநாட்டில் தெய்வமாகி, கடல் கடந்து இங்கே அம்மனாகவும் சிங்களவருக்குப் பத்தினித் தெய்வமாகவும் ஆனவள். கண்டிப் பெரகராவில் இன்றைக்கும் அவளுக்குத் தனி ஊர்வலம் உண்டு. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிகிறது. குடாநாட்டில் மட்டும் அவளுக்குப் பெயர் மாற்றம்.

இப்போது கலப்பு என்று வாயெடுத்தாலே ஆட்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். நியாயந்தான். தையிட்டியில் சனத்தின் காணியில் விகாரை எழும்பி, காணிக்காரர் தெருவில் நின்று போராடும்போது, கந்தரோடைத் தூபிகள் தமிழ்ப் பௌத்தரதாக இருக்கலாம் என்று நிதானமாகப் பேச யாருக்கு மனம் வரும்? அதிகாரம் கொண்டுவந்து நடுவது பெனி ஜெசரிட் வேலை. அதை எதிர்க்கத்தான் வேண்டும். அதற்காக அம்மம்மாமார் சேர்த்து வைத்ததையும் வழித்துத் துடைக்க வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் கண்ணகை அம்மன் கோயில் இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறதா? அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டுமென்று கூட்டத்தில் யாராவது பிரேரித்தால், எழும்பி நின்று மறுத்துப் பேசுங்கள்.