சிற்றுயிர்க்கு விடையளித்தல்

"ஓர் எலிக்கா இத்துணைத் துயரம்?" என்று வினவுவோர் நம்மிடையே பலர். கோயில் யானை இறப்பின் ஊரே திரண்டு மாலையிடும். நாய் இறப்பின் அண்டை வீட்டார் வந்து இரண்டு சொற் கூறுவர். இரண்டு உள்ளங்கைகளில் அடங்கும் கினிப்பன்றி ஒன்று இறக்க, அதன்பொருட்டு ஒரு குடும்பம் ஒருவேளை உணவை மறந்ததெனின், கேட்பவர் இதழில் முறுவலே அரும்புகின்றது. உடலின் எடையைக் கொண்டு துயரத்தின் எடையை அளக்கும் இவ்வழக்கம் பொருந்தாது என்பது எம் கருத்து. அதனினும் முதன்மையாக யாம் கூறக் கருதுவது பிறிதொன்று: மீண்டும் மீண்டும் நோயுறும் சிற்றுயிர்க்கு எப்பொழுது விடையளிப்பது என்பதனை நம் ஆற்றாமை முடிவு செய்தல் கூடாது, அவ்வுயிரின் நிலையே முடிவு செய்தல் வேண்டும்.

இதனை அறியாதார்க்கு ஒரு சிறிது சொல்லுதல் தகும். பெயரிற் பன்றியேனும் இது பன்றியன்று. கினி நாட்டிற் பிறந்ததுமன்று. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரே இதன் தாயகம். பெரு, பொலிவியா, ஈக்வடார் என்று இன்று வழங்கும் நாடுகளின் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்பே இதனை உணவின்பொருட்டு மனையிற் பழக்கினர்; இன்றும் 'குய்' என்று அழைத்து விருந்திற் படைக்கின்றனர். அதனைக் குறைகூற யாம் முற்படவில்லை. ஆட்டையும் கோழியையும் உண்ணும் நமக்கு அவ்வுரிமை ஏது? 16-ஆம் நூற்றாண்டிற் கப்பலேறி ஐரோப்பா புகுந்த பின்னரே இது செல்லப்பிராணியாயிற்று. பின்னர் ஆய்வுக்கூடம் புகுந்தது. 1882-இல் இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் காசநோயின் காரணம் ஒரு நுண்ணுயிரே என நிறுவியபோது, அவ்வுண்மைக்காக நோயேற்று மாண்ட உயிர்களுள் கினிப்பன்றிகளும் இருந்தன. 1907-இல் நார்வே நாட்டினரான ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் ஆகிய இருவரும், தானியம் மட்டுமே தின்ற கினிப்பன்றிகட்கு மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் வருதலைக் கண்டறிந்தனர். மனிதனைப் போலவே இவ்வுயிரும் வைட்டமின் சி-யைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள மாட்டாது. அந்த வைட்டமினைத் தேடிய பிற்கால அறிஞர்க்கு இவர்தம் ஆய்வு பெருந்துணையாயிற்று. இத்துணைக் கடன் பட்டிருந்தும் நாம் இதனை எலியென்று எள்ளுகின்றோம்!

எம் இல்லத்தில் இரண்டு வளர்ந்தன. அவற்றுள் மூத்ததற்கு எம் தங்கை இட்ட பெயர் வெல்லம். நிறத்தால் வந்த பெயர். குளிர்ப்பெட்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டவுடன் கொத்துமல்லித் தழை வருமென்று சீழ்க்கையடிக்கும். வேறெவர் வருகைக்கும் அத்துணை ஆர்ப்பரிப்பு எம் வீட்டில் இருந்ததில்லை. நான்கு வயதை அடுத்த காலத்தில் அஃது உணவருகே ஓடிவரும். அறுகம்புல்லை வாயிற் கவ்வும். கவ்வியதைக் கீழே விட்டுவிட்டு நிற்கும். மோவாய் எச்சிலால் நனைந்திருந்தது.

கினிப்பன்றிக்குப் பற்கள் 20. அவை அனைத்தும் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பன. நார்மிகுந்த புல்லை இடையறாது மெல்லுதலால் தேய்ந்து அளவில் நிற்கும். தாடையின் ஒழுங்கு ஒருகாற் பிறழ்ந்துவிடின், கீழ்க்கடைவாய்ப் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்து வளர்ந்து, நாவின்மேற் பாலம் இட்டாற்போல் வளைந்துவிடும். நா சிறைப்பட்டபின் விழுங்குதல் எங்ஙனம்? பசி இருக்கும், உணவு இருக்கும், உண்ணல் இயலாது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பற்களை அராவினார். சில நாளில் அது பழையபடி தின்றது. ஆறு வாரம் கழிந்தது. மோவாய் மீண்டும் நனைந்தது. பல்லை அராவலாம், வளர்தலை நிறுத்தலாகாது.

இவ்விடைக்காலத்து உழைப்பை அறிந்தோர் அறிவர். இவ்வுயிரின் குடல் ஒருநாட் பட்டினியையும் பொறாது. இயக்கம் நின்று காற்று நிறைந்து உயிர்க்கே இறுதி நேரும். ஆதலின் பொடித்த உலர்புல்லுணவை நீரிற் குழைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சினால் மூன்று நான்கு மணிக்கொருமுறை, இரவிலும், வாயின் ஓரத்திற் சிறிது சிறிதாக ஊட்டினோம். (வளர்ப்போர்க்கு ஒன்று சொல்லிச் செல்வோம்: நமக்கு உதவும் பெனிசிலின் இன மருந்துகள் இதன் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து இதனையே கொல்ல வல்லன. வீட்டிலுள்ள மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது.) ஆறு வாரம் ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று, பின் பதினைந்து நாளாயிற்று. சமையலறைத் தராசில் 960 கிராம் நின்ற உடல் 610 கிராமுக்கு இறங்கிற்று.

அப்பொழுதுதான் வீட்டில் வழக்கு எழுந்தது. "இன்னும் ஒருமுறை அராவிப் பார்ப்போமே" என்றார் தந்தையார். "வாயில்லாச் சீவனை எத்தனை முறைதான் பாடுபடுத்துவீர்கள்?" என்றார் பாட்டியார். தங்கை ஒன்றும் கூறாது கூண்டருகே அமர்ந்திருந்தாள். இருவர் கூற்றிலும் அன்பே நின்றது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்று யாம் துணிகின்றோம்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைத் தமிழுலகம் வள்ளலென்று போற்றுகின்றது, யாமும் போற்றுகின்றோம். ஆனால் மயில் குளிரால் நடுங்கிற்று என்பது பேகன் கொண்ட எண்ணமேயன்றி மயில் கூறியதன்று. போர்வை தந்தவன் நெஞ்சம் குளிர்ந்தது. மயில் அதனை என் செய்தது என்று எவரும் உரைத்திலர். நோயுற்ற உயிரின் முன்னர் நாமெல்லாம் பேகன்களே. "இன்னும் வாழ விரும்புகின்றது" என்கின்றோம். விரும்புவோர் யார் என்று ஆராய்கின்றோமில்லை. அவனது போர்வையால் மயிலுக்குத் தீங்கொன்றும் இல்லை. நம் விருப்பமோ அவ்வுயிரை ஐந்தாம் முறையும் மயக்க மருந்தின்கீழ்க் கிடத்துகின்றது.

மற்றும், இது பிறவற்றிற்கு இரையாகும் இனம். காட்டில் தன் நலிவை வெளிக்காட்டுவது முதலில் இரையாகும். ஆகலின் நோயை மறைத்தல் இதன் பிறவிக்குணம். கண் தெளிவாக உள்ளது, காது நிமிர்ந்துள்ளது என்று நாம் ஆறுதல் கொள்ளும் நாளிலும் அது வருந்திக்கொண்டிருத்தல் கூடும். எனவே நம் கண்ணைக் காட்டிலும் தராசு நல்ல சான்று. தானே உண்கின்றதா, எடை நிற்கின்றதா, துணையோடு உலவுகின்றதா, சிகிச்சைக்குப்பின் வரும் நல்ல நாட்கள் சிகிச்சைக்குச் செல்லும் நாட்களினும் மிக்கனவா? இவற்றிற்கு வரும் விடையை மருத்துவரோடு அமர்ந்து நோக்குதல் வேண்டும். எமக்கு வந்த விடைகள் யாவும் 'இல்லை' என்பதே.

இம்முடிவிற்கு இன்று வழங்கும் பெயர் 'கருணைக் கொலை'. தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்கு இத்தொடர் உவப்பன்று. முன்சொல் கூறுவதைப் பின்சொல் மறுக்கின்றது. கேட்பவர் நெஞ்சிற் பின்சொல்லே நிலைக்கின்றது. இதனாலேயே பலர் அவ்வாயிலை அணுக அஞ்சி, உயிர் தானே பிரியட்டும் என்று காத்திருக்கின்றனர். தானே பிரிதல் என்பது இவ்வுயிர்க்குப் பெரும்பாலும் பசித்துப் பிரிதலே. வலியை முடித்தல் என்று வாளா கூறினால் என்ன குறை?

முதலில் உறக்கம் தரும் ஊசி. அன்னையார் மடியில், பழைய துண்டொன்றில், வெல்லம் உறங்கிற்று. பின்னரே இறுதி ஊசி. மருத்துவர் மார்பிற் குழல் வைத்துக் கேட்டுத் தலையசைத்தார். அவ்வளவே.

"கடையில் வேறொன்று கிடைக்குமே" என்று நண்பர் ஒருவர் தேற்றினார். விலைகொடுத்து வாங்கத்தக்கது கினிப்பன்றி. சீழ்க்கையடித்த அவ்வொன்று வாங்கத்தக்கதன்று. நண்பரை யாம் வெறுக்கவில்லை. அழுபவரிடம் என்ன பேசுவதென்று அறியாதார் விலையைப் பேசுவது உலகியல்பு.

எனினும் அவர் சொல்லில் அவரறியாத நியாயம் ஒன்று உண்டு. கினிப்பன்றி கூட்டமாக வாழும் உயிர். சுவிட்சர்லாந்து நாட்டில் இதனைத் தனியே வளர்த்தல் ஆகாதென 2008-ஆம் ஆண்டு முதல் விதியே உள்ளது. வெல்லத்தின் உடலை வீட்டிற்குக் கொணர்ந்து, புதைக்குமுன் இளையதன் அருகே சிறிது நேரம் கிடத்தினோம். அது மோந்து பார்த்தது. காதருகே ஒருமுறை நக்கிற்று. பின் மூலைக்குச் சென்று அமர்ந்தது. இரண்டு நாள் குறைவாகவே தின்றது. மூன்றாம் நாட் காலையில் தங்கை குளிர்ப்பெட்டியைத் திறந்தபொழுது, மெலிந்த குரலில் அது தனியே சீழ்க்கையடித்தது. ஞாயிறுதோறும் அதனைத் தராசில் நிறுத்துக் குறித்து வருகின்றோம். அதற்கேற்ற துணையொன்றைத் தேடியும் வருகின்றோம்.